கூடம் கோணல்

உங்கள் ஸ்கூட்டர் கிளம்பும்போது ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத்தான் நகர்கிறது, சார். காலையில் நீங்கள் டீ குடிக்கப் புறப்பட்டபோது இந்த ஸ்டேஷன் ஜன்னல் வழியாகக் கேட்டேன். பயப்பட ஒன்றுமில்லை. பின்சக்கரத்துப் பக்கம் கிளட்ச் ஷூவில் தூசி ஏறிப் பளபளவென்று ஆகியிருக்கும். கழற்றி உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் போட்டால் வெண்ணெய் மாதிரி போகும். இப்போதைக்கு அதை நான் செய்துதர முடியாது, வேறு யாரிடமாவது கொடுங்கள்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. மேஜைமேல் காகிதம் விரித்து அந்த மூன்று ஸ்பிரிங்கையும் வரிசையாக வைத்திருக்கிறீர்கள், ஒரு மஞ்சள், இரண்டு சிவப்பு. பார்க்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரே கிளட்சில் இரண்டு நிறம் போடுகிறவனை எங்கள் தொழிலில் மெக்கானிக் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரே ஒரு வேண்டுகோள், அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திவிடுங்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் மனைவிக்கு இந்த ஸ்பிரிங் விஷயம் எதுவும் தெரியாது.

முதலில் உங்களுக்குக் கிளட்ச் புரிய வேண்டும். இந்தப் பெரிய ஸ்கூட்டர்களில் கைப்பிடியில் கிளட்ச் கிடையாது. அதனால் வண்டியில் கிளட்சே இல்லை என்று நினைப்பவர்கள்தான் அதிகம். இருக்கிறது, சார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கிண்ணம். அதற்குள்ளே மூன்று ஷூ. அந்த மூன்றும் வெளியே போகாமல் மூன்று ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருக்கும். இன்ஜின் சும்மா ஓடும்போது ஸ்பிரிங் ஜெயிக்கும், வண்டி நிற்கும். ஆக்சிலேட்டரைத் திருகினால் ஷூக்கள் வேகமாகச் சுற்றும். குடைராட்டினம் வேகமெடுத்தால் நாற்காலியெல்லாம் வெளியே விரியுமே, அதே கதைதான். ஷூக்கள் விரிந்து கிண்ணத்தை உள்ளிருந்து கவ்வும், கிண்ணத்தோடு சக்கரமும் சுற்றும், வண்டி போகும். ஓட்டுகிறவருக்கு இதில் எதுவும் தெரியாது. தானாகப் போகிறது என்று நினைத்துக்கொள்வார்.

எல்லாச் சூட்சுமமும் ஸ்பிரிங்கில்தான். மஞ்சள் பூசியது இளகல். அதைப் போட்டால் சாவி திருகி ஸ்டார்ட் செய்ததுமே வண்டி ஊர ஆரம்பிக்கும். சிவப்பு விறைப்பு. இன்ஜின் கத்து கத்தென்று கத்தினாலும் வண்டி நகராது. பிறகு சட்டென்று ஒரே கவ்வாகக் கவ்வி, பின்னாலிருந்து எட்டி உதைத்தது போலப் பாயும். நிறம் பூசாதது கம்பெனி ஸ்பிரிங், நல்ல பிள்ளை. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. வண்டி அதேதான்.

இப்போது என் மனைவியைப் பற்றி. அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸை உரசிச் சட்டத்தில் உட்கார வைக்கிற வேலை. அவள் கை அவ்வளவு நிதானம். அவள் உரசிய லென்ஸ் சட்டத்துக்குள் போகும்போது ஒரு சின்ன 'டிக்' கேட்கும், அவ்வளவுதான், மறுபடி தொட வேண்டியதில்லை. கடை முதலாளியம்மாளே சொல்வாள், "இவ கைய இன்ஷூர் பண்ணணும்." 

கல்யாணமான நாளிலிருந்து அவளைக் கடையில் கொண்டுவிட்டுக் கூட்டிவருவது நான்தான். வீட்டில் அவள் அதிகம் பேச மாட்டாள். நானும் பேசத் தெரியாதவன், கிரீஸும் கையுமாக வந்து சாப்பிட்டுப் படுப்பேன். ஆனால் வண்டியில் என் பின்னால் உட்கார்ந்ததும் அவளுக்கு வாய் திறந்துவிடும். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்கள், பார்வை மங்கிய கிழவர், காதலனுக்குப் பிடிக்கிற சட்டம் தேடி வந்த பெண், எல்லார் மாதிரியும் பேசிக் காட்டுவாள். அவ்வளவும் என் வலது காதுக்குள். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். தனியாகச் சிரிக்கிற பைத்தியம் போலத் தெரிந்திருப்பேன். நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன், சார். அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் கண்ணாடிக் கடைக்காரம்மாள் பாலத்துக்கு அந்தப்பக்கம் இன்னொரு கடை போட்டாள். அதற்கு என் மனைவிதான் பொறுப்பு என்று முடிவு செய்துவிட்டாள். காலையில் கடை திறக்க வேண்டும், சாயங்காலம் அடைக்க வேண்டும். என் பட்டறை நேரத்துக்கும் அதற்கும் ஒத்துவராது. என் மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், கப்பலில் சமையல்காரர். போகும்போது தன் பெரிய ஸ்கூட்டரை எங்கள் வீட்டில் விட்டிருந்தார். "சும்மா நின்னா துருப்பிடிச்சிடும் மாப்ளே, தங்கச்சி ஓட்டிப் பழகட்டும்" என்று அவரே சொல்லியிருந்தார். அவள் குதித்தாள். "நீங்களே சொல்லிக் குடுங்க" என்றாள். புருஷன் மெக்கானிக், வேறு யார் சொல்லிக்கொடுப்பது.

சிமெண்ட் கிடங்குக்குப் பின்னால் ஒரு காலி மைதானம் இருக்கிறது. அங்கே கூட்டிப்போனேன். தடுமாறுவாள், பின்னாலேயே ஓட வேண்டியிருக்கும் என்று செருப்பைக்கூடக் கழற்றி வைத்திருந்தேன். அவள் ஏறினாள், திருகினாள், போய்விட்டாள். அவ்வளவுதான். லென்ஸை உரசுகிற கை அல்லவா, எவ்வளவு திருக வேண்டும் என்று அதற்கே தெரிந்துவிட்டது. மைதானத்தின் அந்தக் கோடிவரை போனாள். இத்தனை வருஷமாக அவள்தான் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகை நான் அன்றுதான் பார்த்தேன். அது சின்னதாகிக்கொண்டே போயிற்று, திரும்பிப் பார்க்கவில்லை. கழற்றி வைத்த செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

வட்டமடித்து வந்து நிறுத்தி, "எப்படி?" என்று சிரித்தாள். "பரவாயில்லை, முதல் நாளைக்கு" என்றேன்.

அன்று சாயங்காலம் வண்டியைக் கழுவித் தருகிறேன் என்று பட்டறைக்கு எடுத்துப்போய்ச் சிவப்பு ஸ்பிரிங்கை மாட்டினேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தலைக்கனம் ஏறினால் ஆபத்து என்றுதான். யானைக்கும் அடி சறுக்கும், மனிதருக்குச் சறுக்காதா? கொஞ்சம் சறுக்கிக் கற்றுக்கொண்டால் பின்னால் பெரிதாகச் சறுக்காது.

மறுநாள் அவள் முந்தின நாள் மாதிரியே மெல்லத் திருகினாள். வண்டி நகரவில்லை. இன்னும் கொஞ்சம். நகரவில்லை. இன்னும் கொஞ்சம் திருகியதும் பாய்ந்து மணல்மேட்டில் போய் முட்டி நின்றது. அவள் கண், காது, வாய் எல்லாம் மணல். இரண்டு பேரும் சிரித்தோம். நான் அதிகமாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"நேத்து இப்படி இல்லைங்க" என்றாள். "ஏதோ மாறியிருக்கு."

கவனியுங்கள், சார். அவள் கை சரியாகச் சொல்லிவிட்டது. என்னிடம் தொழில் கற்றவர்களில் பாதிப்பேருக்கு அது பிடிபட்டிருக்காது. எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. வெளியே, "வண்டி அதேதான். கைதான் மாறுது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். அதற்கும் சிரித்தாள்.

ஆனால் அவள் விடாக்கண்டி. சித்திரமும் கைப்பழக்கம் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு வாரத்துக்குள் அந்தச் சிவப்பையும் பழக்கிவிட்டாள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு திருகி, கவ்வுகிற நேரம் பார்த்து மெல்ல விடுகிற வித்தையைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். நான் மஞ்சளுக்கு மாறினேன். ஸ்டார்ட் செய்ததும் வண்டி ஊர்ந்துபோய் எங்கள் வீட்டுக் கேட்டில் இடித்தது. முட்டியில் சிராய்ப்பு. மஞ்சளுக்குப் பழகியதும் கம்பெனி ஸ்பிரிங், அதற்குப் பழகியதும் மறுபடி சிவப்பு. அவள் ஒவ்வொரு முறையும் முந்தின வண்டிக்குப் பழகிய கையோடு புது வண்டியில் ஏறினாள். வேலை எனக்குத்தான் அதிகம். மூடியைத் திறந்து கிளட்சை இறக்கி மாட்டுவது லேசுப்பட்டதல்ல. நம் வீட்டுக்காக நாம்தானே பாடுபட வேண்டும்.

சில நாள் கழித்து அவள் "ஏதோ மாறியிருக்கு" என்று சொல்வதை விட்டுவிட்டாள். வண்டியை விட்டு இறங்கியதும் வலது கையை விரித்துப் பார்ப்பாள். டி.வி. பார்க்கும்போதும் பார்ப்பாள். ஒரு நாள், "என் கையில ஏதோ கோளாறுங்க. நேத்து செஞ்சதை இன்னிக்கு செய்ய மாட்டேங்குது" என்றாள்.

டாக்டரிடம் அழைத்துப்போனேன். நல்ல மனிதர். ஊசியால் குத்தினார், சின்னச் சுத்தியலால் தட்டினார், கையை நீட்டச் சொன்னார். "இந்தக் கை எனக்கு இருந்தா நான் ஆபரேஷனே பண்ணுவேன்மா, ஒண்ணுமே இல்ல, போங்க" என்றார். திரும்பி வரும்போது அவள் முகம் தெளிந்திருந்தது. என் காதுக்குள் டாக்டர் மாதிரி பேசிக் காட்டினாள். நான் வீடு வந்து வண்டியை நிறுத்திவிட்டு, "டாக்டருங்க நேர்ல அப்படித்தான் சொல்வாங்க. பயந்துடக் கூடாதுன்னு" என்றேன். அவள் உள்ளே போனாள். அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்கே ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு சாப்பிட்டோம்.

அந்த மாதம் கடையில் அவள் உரசிய லென்ஸ் ஓரத்தில் சில்லுப் பெயர்ந்தது. யார் கையிலும் நடப்பதுதான். அவள் நேராக முதலாளியம்மாளிடம் போய், "நான் உரசற வேலையை விட்டுடறேன்மா. யார் கண்ணாவது என்னால கெட்டுடும். புதுக் கடையும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர்கள் எவ்வளவோ கெஞ்சினார்களாம். அதன்பிறகு கல்லாப் பக்கம் உட்கார்ந்து கண்ணாடிக் கூட்டைத் துடைத்து வைக்கிற வேலை. நான் அவளை வேலையை விடச் சொன்னதே கிடையாது, சார். என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. மடியில் கனமில்லை.

பழையபடி என் பின்னால் உட்கார்ந்தாள். ஒரே ஒரு சின்னக் குறை. பேச்சு நின்றுவிட்டது. இரண்டு கையாலும் பின்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டி நிற்கும்வரை மூச்சு விடுகிறாளா என்றுகூடத் தெரியாது. நானாகவே, "இன்னிக்கு யார் வந்தாங்க?" என்று கேட்பேன். "யாரும் வரலைங்க" என்பாள். நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று இருந்தேன். மச்சான் வண்டியில் கம்பெனி ஸ்பிரிங்கை மாட்டி, உறை போட்டு மூடிவைத்தேன். கதை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

அப்போது கொழுந்தியாள் வந்தாள், என் மனைவியின் தங்கை. பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, நாள் முழுக்க வண்டியிலேயே இருப்பவள். வாய் ஓயாது, துறுதுறுவென்று இருப்பாள். எனக்கு அவளை நிஜமாகவே பிடிக்கும். அக்காவைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை.

"என்னக்கா இது, வீட்ல பூனை மாதிரி நடக்கிற? மாமா, இவளை என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"அவளுக்கு வண்டி வரலைம்மா. விட்டுடு" என்றேன்.

"எங்க வீட்ல வண்டி வராத ஆளே கிடையாது. நாளைக்குச் சாயங்காலம் நான் இவளைக் கூட்டிட்டுப் போறேன். பாலத்து மேட்டுல ஏத்தி இறக்கினா பயமெல்லாம் ஓடிடும்."

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வண்டியில் கம்பெனி ஸ்பிரிங். அதில் ஏறினால் அவள் அருமையாக ஓட்டுவாள். ஓட்டிவிட்டால் மறுபடி அந்தச் சிரிப்பு, புதுக் கடை, மைதானத்தில் சின்னதாகப் போன முதுகு. சரி, சிவப்பே போடலாமென்றால், முதலில் கொழுந்தியாள் ஓட்டிப் பார்ப்பாள். பல வண்டி பார்த்தவள், முதல் திருகிலேயே, "மாமா, ஸ்பிரிங் என்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிடுவாள். மஞ்சளுக்கும் அதே கேள்விதான். ஆகவே சமதரையில் நல்ல பிள்ளையாகவும், மேட்டில் மட்டும் முரண்டு பிடிப்பதாகவும் ஒரு கிளட்ச் வேண்டும்.

மறுநாள் மதியம் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பட்டறையில் அதைச் செய்தேன். ஒரு ஷூவுக்கு மஞ்சள், இரண்டுக்குச் சிவப்பு. இன்ஜின் சும்மா ஓடும்போது ஊராமல் இருக்க அதன் வேகத்தையும் கொஞ்சம் இறக்கிவைத்தேன். சமதரையில் மெல்லத் திருகினால் மஞ்சள் ஷூ தனியாகவே கவ்வி வண்டியை நகர்த்திவிடும். வேகம் பிடித்த பிறகு மற்ற இரண்டும் சத்தமில்லாமல் வந்து சேர்ந்துகொள்ளும். மேட்டில், அதுவும் இரண்டு பேர் பாரத்தோடு, அந்த ஒற்றை ஷூவால் முடியாது, வழுக்கும். ஓட்டுகிறவர் இன்னும் திருகுவார். திருகத் திருக, ஒரு கட்டத்தில் மற்ற இரண்டும் ஒன்றாகக் கவ்வும். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது நல்ல வேலை. யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

என் கணக்கு இதுதான். மேட்டில் வண்டி ஒரு குதி குதிக்கும். பின்னால் உட்கார்ந்த தங்கைக்கு அக்கா எவ்வளவு திருகினாள் என்று தெரியாது. அவளே, "வேண்டாம்க்கா, உனக்கு ஒத்துவராது" என்று சொல்லிவிடுவாள். என் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

பட்டறை வாசலில் கொழுந்தியாள் முதலில் தனியாக ஒரு சுற்றுப் போய்வந்தாள். நான் நினைத்த மாதிரியே எல்லாம் நடந்தது. "வண்டி பஞ்சு மாதிரி போகுதே மாமா" என்றாள். அப்போது என் மனைவியைப் பார்த்தேன். அவள் அவ்வளவு நாளும் மனசின் ஏதோ ஒரு மூலையில் வண்டிமேல் ஒரு சின்னச் சந்தேகத்தை வைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறாள் போலிருக்கிறது. அது போனது முகத்தில் தெரிந்தது.

"அப்ப என் கைதான்" என்றாள்.

"கையும் இல்லை காலும் இல்லை, பயம்தான். ஏறுக்கா, நான் பின்னாடி இருக்கேன்ல" என்று சொல்லித் தங்கை அவளை முன்னால் உட்கார வைத்தாள். தெருவில் அழகாகத்தான் போனாள். பாதி தூரம் போனதும் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பல மாதம் கழித்து அந்தச் சிரிப்பு. தங்கையின் காது பக்கத்தில் இருந்தது, நான் தெருமுனையில் நின்றேன். கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம், கூப்பிடு தூரம்தான். நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

மேட்டின் உச்சியில், பாலத்துச் சாலையைத் தொடுகிற இடத்தில் அவள் சரியாக நிறுத்தியிருக்கிறாள். வலம் இடம் பார்த்திருக்கிறாள். தண்ணீர் லாரி வருவதைப் பார்த்து, அது போகட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். பின்னால் ஒரு வேன்காரர் ஹாரன் அடித்தாராம். வண்டி பின்னால் சரியாமல் இருக்க மெல்லத் திருகிப் பிடித்திருக்கிறாள். மீதியை நீங்கள் எனக்குச் சொன்னீர்கள். அவள் இடதுபக்கம் கைப்பிடிச் சுவரோரம் விழுந்தாள். கொழுந்தியாள் வலதுபக்கம் விழுந்தாள். லாரிக்காரர் மேல் தப்பே இல்லை, அவரை விட்டுவிடுங்கள், பாவம்.

கொழுந்தியாளை நினைத்தால் எனக்கும் தூக்கம் வருவதில்லை. அந்த லாரி என் கணக்கில் இல்லை. மேடு எனக்குத் தெரியும், அவர்கள் அங்கேதான் போகிறார்கள் என்று தெரியும், வண்டி அங்கே என்ன செய்யும் என்று என்னைவிட யாருக்கும் தெரியாது. பாலத்துச் சாலையில் லாரி போகும் என்பதும், ஆற அமர யோசித்தால், தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்த லாரி என்று குறிப்பாகத் தெரியாது அல்லவா?

உங்கள் ஆட்கள் நொறுங்கிய வண்டியை வைக்க இடமில்லை என்று என் பட்டறையிலேயே இரண்டு நாள் போட்டுவைத்தார்கள். நினைத்திருந்தால் மூடியைத் திறந்து கம்பெனி ஸ்பிரிங்கை மாட்டியிருக்க முடியும். நான் தொடவில்லை. சாட்சியத்தில் கை வைக்கிற ஆள் நானில்லை. நிஜத்தைச் சொன்னால், தேவையும் இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவளே, "என் கைதான் என் தங்கச்சியக் கொன்னுடுச்சு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாளே. வெளியூர் வாகன ஆய்வாளர் வந்து கிளட்சைக் கழற்றுவார் என்று யார் கண்டது?

எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கை மாற்றியவன் நான். ஒவ்வொரு முறையும் நான்தான். எங்கே காட்ட வேண்டுமோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

அவளை இப்போதே விட்டுவிடப் போவதாகச் சொல்கிறீர்கள். ரொம்ப நல்லது. கதவு இடுக்கில் தெரிகிறாள், பாருங்கள், இடது கையால் வலது கையை எப்படிப் பிடித்து மடியில் வைத்திருக்கிறாள் என்று. ஆனால் இந்த ஸ்பிரிங்கையெல்லாம் அவளிடம் காட்டித்தான் ஆக வேண்டும் என்கிறீர்களே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. காட்டினால் தன் கையில் குறையே இல்லை என்று நினைத்துக்கொள்வாள். நாளைக்கே எவனிடமாவது ஒரு வண்டியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அந்தப் பாலம், அந்த மேடு, அந்த லாரிகள். நானும் கூட இருக்க மாட்டேன். தயவுசெய்து சொல்லாதீர்கள், சார். அவளுக்கு வண்டி ஓட்ட வராது.